சனிக்கிழமைக் காலையிலிருந்து செவ்வாய் இரவுக்கு

பவுலிங் என்றதும் நம்மில் பாதிப்பேருக்கு மனம் கிரிக்கெட் மைதானத்துக்குப் போய்விடும். இது வேறு பவுலிங். பத்துப் பின்களை முக்கோணமாக நிறுத்திவைத்துக் கனமான பந்தை உருட்டி வீழ்த்தும் டென்பின் ஆட்டம். அமெரிக்காவில் பிள்ளைகள் பெரும்பாலும் சனிக்கிழமை காலையில் இளையோர் லீகில் ஆடுகிறார்கள். வயது இருபதை நெருங்கும்போது வேலைநாள் இரவுகளில் நடக்கும் பெரியவர்கள் லீகுக்கு மாறுகிறார்கள். மாறப் போகும் பிள்ளைக்கு ஆளாளுக்கு ஒரு புத்திமதி சொல்வார்கள். அநேகமாக எல்லாமே கைபலத்தைப் பற்றியதாக இருக்கும். கைபலத்தால் வரும் சிக்கல் மிகக் குறைவு.

முதல் புத்திமதி, "இனி 16 பவுண்டுப் பந்துதான்" என்பது. 16 பவுண்டு, அதாவது ஏழேகால் கிலோ, விதி அனுமதிக்கும் உச்ச எடை. அதைத்தான் தூக்க வேண்டும் என்று எந்த விதியும் சொல்லவில்லை. தொழில்முறை ஆட்டக்காரர்களிலேயே பலர் 15 பவுண்டுக்கு இறங்கி வெகுகாலம் ஆகிறது. முதல் பின்னுக்கும் அதை ஒட்டிய பின்னுக்கும் இடையே, சுமார் 6 பாகைக் கோணத்தில் பந்து நுழைந்தால் பத்தும் விழும் வாய்ப்பு அதிகம். தோளை இழுக்கும் பந்தை வைத்துக்கொண்டு மூன்று ஆட்டம் முழுக்க அந்தக் கோணத்தைப் பிடிக்க முடியாது.

இரண்டு கையால் வீசுவது சின்னப்பிள்ளைத்தனம், பெரியவர்கள் நடுவில் எடுபடாது என்பார்கள். ஆஸ்திரேலியாவின் ஜேசன் பெல்மான்டி இரண்டு கையால்தான் வீசுகிறார். 2023 வரை 15 பெரிய பட்டங்கள் வென்றிருக்கிறார். இதற்கு மேல் வாதம் தேவையில்லை.

வயதைக் காட்டிப் பயமுறுத்துகிறவர்களுக்கும் பதில் இருக்கிறது. நார்ம் டியூக் தன் முதல் தொழில்முறைப் பட்டத்தை 1983இல் வென்றபோது அவருக்கு வயது 18. ஆன்டனி சைமன்சன் 2016இல் மாஸ்டர்ஸ் பட்டத்தை வென்றபோது 19.

அப்படியானால் மாறுவது எது? பந்து உருளும் பாதையான லேன் மாறவில்லை. வீசும் கோட்டிலிருந்து முதல் பின்வரை அதே 60 அடி, குறுக்கே அதே 39 பலகை. விதிப்புத்தகமும் அநேகமாக அதேதான். ஆட்டத்தின் நடுவே பந்தைத் திரவம் தொட்டுத் துடைக்கக் கூடாது, உலர்ந்த துண்டுதான் என்ற விதி 2019 ஆகஸ்டில் வந்தது. பந்தில் சமநிலைக்கென்று கூடுதல் துளை போடும் வழக்கம் 2020 ஆகஸ்டோடு முடிந்தது. இரண்டும் சிறுவர் பெரியவர் எல்லாருக்கும் பொது. (அண்ணன் விட்டுச்சென்ற பழைய பந்தோடு வருகிறவர்கள் அந்தத் துளையை ஒருமுறை பார்த்துக்கொள்வது நல்லது.)

மாறுவது எண்ணெய். லேன் மீது கண்ணுக்குச் சரியாகத் தெரியாத எண்ணெய்ப் படலம் ஒன்று உண்டு. ஒரு லேனுக்குச் சுமார் 25 மில்லி, நாம் தலைக்குத் தேய்த்துக்கொள்ளும் அளவுதான். முதல் 40 அடிவரை பூசியிருப்பார்கள். நடுவில் அடர்த்தி, ஓரங்களில் மெல்லிசு. நடுவே போன பந்து வழுக்கி நேராக ஓடும். ஓரத்துக்குப் போன பந்து பிடிமானம் கிடைத்துத் திரும்பி வரும். சற்றுத் தவறான வீச்சைக்கூட இந்தப் பூச்சு திருத்திக் கொடுத்துவிடும். இளையோர் லீகில் 190 சராசரி எடுத்த பிள்ளை, அதில் எத்தனை பின் தன்னுடையது, எத்தனை எண்ணெயுடையது என்று யோசித்திருக்க மாட்டான்.

இரவு லீகில் ஐந்து பேர் அணிகள் இரண்டு, ஒரு ஜோடி லேனைப் பகிர்ந்து மூன்று ஆட்டம் ஆடும். பத்துப் பந்துகள் மாறி மாறி ஒரே தடத்தில் உருளும். 1990களின் தொடக்கத்தில் பரவிய ரியாக்டிவ் ரெசின் பந்துகள் எண்ணெயை உறிஞ்சிக்கொண்டே போகும். முதல் ஆட்டத்தில் பொன்னாக இருந்த கோடு மூன்றாவது ஆட்டத்தில் பந்தை மறுபக்கம் கொண்டுபோய்விடும். பக்கத்தில் ஆடும் ஐம்பது வயதுக்காரர் இரண்டு பலகை நகர்ந்து நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். அவர் பலத்தால் ஜெயிக்கவில்லை. எண்ணெய் எங்கே தேய்ந்திருக்கிறது என்று படித்து ஜெயிக்கிறார்.

அடுத்தது ஹேண்டிகேப். "பலவீனமானவர்களுக்குக் கொடுக்கும் சலுகை, அதனால் திறமைசாலிக்கு நஷ்டம்" என்று முணுமுணுப்பது வழக்கம். கணக்கைப் போட்டுப் பார்ப்போம். ஒரு லீக் 220இலிருந்து உங்கள் சராசரியைக் கழித்து, மீதியில் 90 சதவீதத்தை ஆட்டத்துக்கு ஆட்டம் உங்கள் எண்ணிக்கையோடு கூட்டித் தருகிறது என்று வையுங்கள். 150 சராசரிக்காரருக்கு 63 பின். 200 சராசரிக்காரருக்கு 18. இருவரும் தத்தம் சராசரியை அப்படியே ஆடினால் 213க்கு 218. திறமைசாலி அப்போதும் ஐந்து பின் முன்னால் இருக்கிறார். ஆனால் 150காரர் அன்று பத்துப் பின் கூடுதலாக அடித்துவிட்டால் ஆட்டம் அவருடையது. இந்தக் கணிதம் புதிதாக வரும் இளைஞருக்குத்தான் அதிகம் உதவும். வேண்டுமென்றே மோசமாக ஆடிச் சராசரியைத் தாழ்த்திவைக்கும் ஆட்கள் உண்டு. அது விதிமீறல், தண்டனையும் உண்டு.

பெரியவர்களோடு ஒருமுறை ஆடினாலே இளையோர் தகுதி பறிபோய்விடும் என்ற பயம் பெற்றோரிடம் இன்னும் இருக்கிறது. பெரியவர்கள் லீகில் ஆடுவது மட்டுமே தகுதியைக் கெடுக்காது. கவனிக்க வேண்டியது பரிசுப் பணம். இளையோர் வெல்லும் தொகை பெரும்பாலும் கைக்கு வராமல், ஸ்மார்ட் என்ற திட்டத்தின் கணக்கில் கல்வி உதவித்தொகையாகச் சேர்ந்து கிடக்கும். பணம் பற்றிய விதிகள் அவ்வப்போது திருத்தப்படுகின்றன. ஆகவே நண்பர் சொன்னது, பயிற்சியாளர் பத்து வருஷத்துக்கு முன் கேட்டது எதையும் நம்பாமல், நடப்புப் பருவத்தின் விதிப்புத்தகத்தைப் பார்த்துவிட்டு லீக் செயலாளரிடம் கேட்பதே சரி.

பெரியவர்கள் லீகில் காசு பார்க்கலாம் என்பதும் ஒரு நம்பிக்கை. வாராவாரம் கட்டும் தொகையில் ஒரு பங்கு லேன் கட்டணமாகப் போய்விடும். மிச்சம்தான் பரிசு நிதி. பருவக் கடைசியில் அநேகருக்குக் கைக்கு வருவது தாங்கள் போட்டதில் கொஞ்சம்.

பணத்தைவிடக் கனமானது வருகை. சனிக்கிழமை காலையில் பிள்ளையை எழுப்பிக் கூட்டிவந்தவர் அம்மாவோ அப்பாவோ. இரவு லீகில் முப்பது வாரத்துக்கு மேல், வேலை முடிந்ததும் தானே வந்து நிற்க வேண்டும். ஒருவர் வராத நாளில் பல லீகுகளில் அணிக்குக் கிடைப்பது அவருடைய சராசரியில் பத்துக் குறைத்த எண். மூன்று ஆட்டத்துக்கு முப்பது பின். அணியின் மற்ற நான்கு பேர் அதை முகத்துக்கு நேரே சொல்ல மாட்டார்கள், ஆனால் எண்ணிக்கொண்டிருப்பார்கள்.

'புதுப் பையனை யார் சேர்த்துக்கொள்வார்கள்' என்ற தயக்கத்துக்கும் இடமில்லை. அமெரிக்க அரசியல் அறிஞர் ராபர்ட் புட்னம் 1995இலேயே சுட்டிக்காட்டினார்: 1980க்கும் 1993க்கும் இடையில் அமெரிக்காவில் பவுலிங் ஆடுவோர் 10 சதவீதம் கூடினார்கள், லீகில் ஆடுவது 40 சதவீதம் குறைந்தது. ஆள் தேடாத லீகைக் கண்டுபிடிப்பதுதான் சிரமம். முப்பது வாரம் பயமாக இருந்தால், செயலாளரிடம் பெயர் கொடுத்து யாராவது வராத இரவுகளில் மாற்று ஆளாக ஆடிப் பார்க்கலாம். இல்லாவிட்டால் பத்துப் பன்னிரண்டு வாரத்தில் முடிந்துவிடும் கோடைக்கால லீக் இருக்கிறது. புதுப் பருவம் தொடங்கும் செப்டம்பர் வருவதற்குள் எந்த இரவு, எந்த அணி என்று தெரிந்துவிடும்.