‘அப்படி நடந்தால்?’ – கற்பனைக் கதைகளை வாசிப்பதும் கலந்துரையாடுவதும்

“இல்லாததைப் பற்றி எழுதிய கதைப் புத்தகம் எதற்கு? பாடப் புத்தகத்தை எடுத்துப் படி” என்பது நம் வீடுகளில் அடிக்கடி கேட்கும் சொல். பரீட்சைக்குத் தயாராகும் பிள்ளைமீது பெற்றோருக்குள்ள அக்கறையே அதற்குக் காரணம். ஆயினும், இல்லாததைப் பற்றிய கதைகளுள் சில, இருப்பதைப் பற்றி மிகவும் கூர்மையாகப் பேசுகின்றன. அத்தகைய கதைகளை எப்படி வாசிப்பது, வாசித்தபின் தோழியரோடு எப்படிக் கலந்துரையாடுவது என்பதற்கு ஒரு வழியைக் காட்டுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஊகப் புனைகதை என்றால் என்ன?

‘அப்படி நடந்தால் என்ன ஆகும்?’ என்ற கேள்வியிலிருந்து பிறக்கும் கதையே ஊகப் புனைகதை. விஞ்ஞானத்தை அடிப்படையாகக் கொண்டால் அது விஞ்ஞானப் புனைகதை. மந்திரமும் விந்தையும் நிறைந்த உலகைப் படைத்தால் அது மாயப் புனைகதை.

இவ்வகைக் கதைகள் நமக்குப் புதியவை அல்ல. ஆயிரத்தொரு இரவுகளில் வரும் சிந்துபாத் தன் ஆறாவது பயணத்தில் வந்து சேரும் ஸரந்தீப், நம் இலங்கையே. 12ஆம் நூற்றாண்டில் அந்தலூசியாவில் வாழ்ந்த அறிஞர் இப்னு துபைல், ‘ஹய் இப்னு யக்ளான்’ என்ற கதையை அரபு மொழியில் எழுதினார். மனிதர் இல்லாத ஒரு தீவில் மான் வளர்த்த குழந்தை, தன் சிந்தனையாலேயே படைப்புகளை ஆராய்ந்து படைத்தவனை உணர்ந்துகொள்வதே அக்கதை. ஓர் ஆழமான கேள்வியைக் கேட்பதற்கு அந்த அறிஞருக்குக் கற்பனைத் தீவு ஒன்று தேவைப்பட்டது.

மூன்று கேள்விகள்

இத்தகைய கதை ஒன்றை வாசிக்கும்போது மூன்று கேள்விகளை மனதில் வைத்துக்கொண்டால் போதும்.

1. எழுத்தாளர் நம் உலகில் எதை மாற்றியிருக்கிறார்?
2. அந்த மாற்றத்தால் வேறு எவையெல்லாம் மாறுகின்றன?
3. அந்த மாற்றம் நம் உலகில் எதைக் காட்டித் தருகிறது?

இக்கேள்விகளைச் சில கதைகளில் வைத்துப் பார்ப்போம்.

சுல்தானாவின் கனவு

வங்காளத்தைச் சேர்ந்த பேகம் ரொக்கேயா சகாவத் ஹுசைன் 1880இல் பிறந்தவர். பள்ளிக்கூடம் செல்ல வாய்ப்பில்லாத அவருக்கு மூத்த சகோதரர் வீட்டிலேயே ஆங்கிலம் கற்பித்தார். அந்த ஆங்கிலத்தில் அவர் எழுதிய ‘சுல்தானாவின் கனவு’ என்ற சிறுகதை, 1905இல் சென்னையிலிருந்து வெளிவந்த ஒரு பெண்கள் இதழில் பிரசுரமானது.

கதையில் மாறியிருப்பது ஒன்றுதான். அந்த நாட்டில் ஆண்கள் வீட்டுக்குள் இருக்கிறார்கள், பெண்கள் நாட்டை நடத்துகிறார்கள். இது மந்திரத்தால் நடந்ததல்ல. அந்நாட்டு அரசி பெண்பிள்ளைகளுக்குப் பாடசாலைகளைத் திறக்கிறாள். இருபத்தொரு வயதுக்கு முன் பெண்ணுக்குத் திருமணம் கூடாதென்று சட்டம் செய்கிறாள். பெண்களுக்கான இரண்டு பல்கலைக்கழகங்கள் எழுகின்றன. ஒன்று மேகத்திலிருந்து நேரே நீரைச் சேகரிக்கும் வழியையும், மற்றொன்று சூரிய வெப்பத்தைச் சேமிக்கும் வழியையும் கண்டுபிடிக்கின்றன. போரில் ஆண்களின் படை தோற்றபோது, சூரிய வெப்பத்தைக் கொண்டே பெண்கள் எதிரியை விரட்டுகிறார்கள். சூரிய சக்தி பற்றி இன்று பாடத்தில் படிக்கும் நமக்கு 1905 என்ற ஆண்டு வியப்பைத் தருகிறது.

மூன்றாவது கேள்விதான் முக்கியமானது. ‘ஆண்களை அடைத்து வைப்பது நியாயமா?’ என்று இக்கதையை வாசிக்கும் எவரும் கேட்பார். ‘நியாயமில்லை’ என்பதே பெரும்பாலோரின் பதிலாக இருக்கும். அப்படியானால் பெண்களை அறிவில்லாமல் அடைத்து வைத்தது மட்டும் எப்படி நியாயமாகும்? வாசகர் தம் வாயாலேயே தீர்ப்புச் சொல்லும்படி ரொக்கேயா கதையை அமைத்திருக்கிறார். நேரடியாகப் புத்தி சொல்லியிருந்தால் பலர் காதைப் பொத்திக்கொண்டிருப்பார்கள்.

அவர் பர்தாவைக் கைவிட்டவர் அல்லர் என்பதையும் இங்கு சொல்ல வேண்டும். கல்வியை மறுக்கும் அடைப்பையே அவர் எதிர்த்தார். கதை எழுதியதோடு நின்றுவிடாமல், 1911இல் கல்கத்தாவில் முஸ்லிம் பெண்பிள்ளைகளுக்காகப் பாடசாலை ஒன்றையும் திறந்தார். முதலில் கற்பனையில் எழுந்த பாடசாலை, பிறகு கல்லாலும் மண்ணாலும் எழுந்தது.

நம் கடலில் சுழியோடிய எழுத்தாளர்

ஆர்தர் சி. கிளார்க் 1956 முதல் இலங்கையில் வாழ்ந்து 2008இல் இங்கேயே காலமானவர். 1950களில் திருகோணமலை கோணேசர் மலையடிக் கடலில் சுழியோடி, பழைய கோயிலின் இடிபாடுகளைப் பார்த்தவர். 1979இல் வெளிவந்த அவருடைய ‘சொர்க்கத்தின் நீரூற்றுகள்’ என்ற ஆங்கில நாவலுக்கு ஹியூகோ, நெபியுலா ஆகிய இரு பெரும் விருதுகளும் கிடைத்தன.

பூமியிலிருந்து விண்வெளிக்குச் செல்லும் ஒரு ‘லிப்ட்’ அமைப்பதே கதை. பூமியின் ஒரே இடத்துக்கு மேலே அசையாமல் நிற்பதுபோலத் தோன்றும் செய்மதியிலிருந்துதான் அதன் வடத்தைத் தொங்கவிட முடியும். அவ்வாறான செய்மதி நிலநடுக்கோட்டுக்கு நேர் மேலே, சுமார் 36,000 கிலோமீற்றர் உயரத்தில்தான் இருக்க முடியும். ஆகவே கிளார்க் தம் கற்பனையில் இலங்கையைத் தெற்கே நகர்த்தி நிலநடுக்கோட்டில் வைத்துவிட்டார்! மாற்றிய பிறகு விஞ்ஞான விதிகளை அவர் மீறவில்லை. நல்ல ஊகப் புனைகதைக்கு அடையாளம் இதுதான்.

லிப்டின் அடித்தளம் அமைய வேண்டிய மலையோ, நாம் பாவா ஆதம் மலை என்று அழைக்கும் மலையை நினைவூட்டுவது. அங்கே துறவிகள் வாழ்கிறார்கள். பொறியியலாளருக்கு அந்த மலை வேண்டும். முன்னேற்றத்துக்காக ஒரு சமூகத்தின் புனித இடத்தைக் கேட்கலாமா? இக்கேள்வி கற்பனை இலங்கைக்கு மட்டும் உரியதல்ல.

தமிழில் ஜீனோ

ஆங்கிலம் கடினமென்று நினைப்பவர்கள் சுஜாதாவின் ‘என் இனிய இயந்திரா’விலிருந்து தொடங்கலாம். 1980களில் எழுதப்பட்ட இந்நாவல் நடப்பது 2021, 2022ஆம் ஆண்டுகளில். அங்கே குழந்தை பெற்றுக்கொள்ள அரசின் அனுமதி வேண்டும். பெயர்கள் இரண்டெழுத்தைத் தாண்டக்கூடாது. பேசும் இயந்திர நாயான ஜீனோ நம்மைச் சிரிக்க வைக்கிறது. ஆனால் பெயரைக்கூடக் குறுக்கும் ஆட்சி எதையெல்லாம் குறுக்கும் என்ற அச்சமும் கூடவே வருகிறது. அந்த ஆண்டுகள் இப்போது கடந்துவிட்டன. எது பலித்தது, எது பலிக்கவில்லை என்று பட்டியலிட்டுப் பார்ப்பது சுவையான பயிற்சி.

இன்றைய இலங்கையிலிருந்து

அண்மைக் காலத்தில் உலகம் திரும்பிப் பார்த்த இரு நாவல்களை இலங்கையர் எழுதியுள்ளனர். ஷெஹான் கருணாதிலகவின் ‘மாலி அல்மேதாவின் ஏழு நிலவுகள்’ 2022இல் புக்கர் பரிசு பெற்றது. 1990இல் கொழும்பில் கொல்லப்பட்ட ஒரு புகைப்படக் கலைஞனே அதில் கதாநாயகன். வஜ்ர சந்திரசேகரவின் ‘ஒளிரும் கதவுகளின் புனிதர்’ 2023இல் வெளிவந்து நெபியுலா விருதைப் பெற்றது. திறக்க முடியாத மாயக் கதவுகளைக் கொண்ட ஒரு நகரத்தில், மனிதர்களை இனம், சாதி என்று வகுத்து வைக்கும் ஆட்சியை அது காட்டுகிறது. இரண்டிலும் வன்முறை நேரடியாக வருவதால், இவை வளர்ந்தோருக்கான நூல்கள். பெற்றோர் முதலில் வாசித்துவிட்டுச் சொல்வது நல்லது.

இங்கே ஒரு நியாயமான ஐயம் எழும். இக்கதைகளில் வரும் மறுவுலகமும் மந்திரமும் நம் ஈமானுக்கு முரணானவை அல்லவா? கதையை வாசிப்பது வேறு, அதை நம்பிக்கையாக ஏற்பது வேறு. கருணாதிலகவின் மறுவுலகம் வரிசையில் நிற்கவைக்கும் ஓர் அரச அலுவலகம் போன்றது. அது மார்க்கத்தைப் பற்றிய செய்தி அல்ல, காணாமல் போனோருக்காக வரிசையில் நிற்கும் நாட்டைப் பற்றிய செய்தி. எது உவமை, எது கொள்கை என்று பிரித்தறியும் பிள்ளை, பிறர் சொல்வதையெல்லாம் எளிதில் நம்பிவிடமாட்டாள். அந்தப் பயிற்சியைத் தருவதும் வாசிப்பே.

கலந்துரையாடுவது எப்படி?

நான்கைந்து தோழியர் சேர்ந்து ஒரே கதையை வாசியுங்கள். முடிவை முந்திச் சொல்லாதீர்கள். ‘பிடித்தது’, ‘பிடிக்கவில்லை’ என்பதோடு நிறுத்தாமல், எந்த இடத்தில், ஏன் என்று பக்கத்தைக் காட்டிப் பேசுங்கள். ஒருத்தி எழுத்தாளரின் பக்கமும் இன்னொருத்தி எதிர்ப்பக்கமும் நின்று வாதிடுங்கள். வீட்டில் உம்மாவிடமும் வாப்பாவிடமும் கதையைச் சொல்லி அவர்கள் கருத்தையும் கேளுங்கள்.

இறுதியாக, நம் ஊருக்கென்று ஒரு கேள்வி. 2004 டிசம்பர் 26 அன்று தாய்லாந்தின் ஒரு கடற்கரையில், பத்து வயதுச் சிறுமி ஒருத்தி புவியியல் பாடத்தில் கற்றதைக் கொண்டு கடலின் மாற்றத்தை அடையாளம் கண்டாள். சுனாமி வருகிறது என்று பெற்றோரிடம் சொன்னாள். அவர்கள் செவிகொடுத்ததால் பலர் உயிர் தப்பினர். இது கதையல்ல, உண்மை. அதே காலையில் நிலாவெளிக் கடற்கரையில் அப்படி ஒரு சிறுமி நின்றிருந்தால்? அவள் யாரிடம் ஓடியிருப்பாள்? அவள் சொல்லை யார் கேட்டிருப்பார்கள்? எதை மாற்றினால் கேட்டிருப்பார்கள்?

இக்கேள்விகளுக்கு விடையாக ஒரு கதை எழுதிப் பாருங்கள். பெற்றோர்களே, உங்கள் மகள் அதை எழுதிக்கொண்டு வந்தால், தயவுசெய்து வாசித்துப் பாருங்கள்.