ஃப்ளோட்டிங் டிஸ்க்கும் மலை இறக்கமும்: நம்பிக்கைகளும் உண்மைகளும்

போளூரிலிருந்து ஜமுனாமரத்தூருக்கு ஏறும்போது என்ஜினின் பலம் தெரியும். இறங்கும்போது பிரேக்கின் பலம் தெரியும். பழைய புல்லட்டையும் ராஜ்தூத் 350-ஐயும் பிள்ளைபோல் வளர்ப்பவர்கள், ஜவ்வாது மலைக்குப் போகுமுன் முன்சக்கரத்தில் ஃப்ளோட்டிங் டிஸ்க் மாட்ட விரும்புவது நியாயம்தான். யமஹா ஆர்டி 350-க்கு முன்பக்கம் டிஸ்க் உண்டு. அதையே எஸ்கார்ட்ஸ் 1983 முதல் ராஜ்தூத் 350 என்று இங்கே தயாரித்தபோது டிரம்தான் வந்தது. ஆனால் டிஸ்க்கைப் பற்றி உலவும் சில நம்பிக்கைகள் ஆபத்தானவை.

நம்பிக்கை 1: ஃப்ளோட்டிங் டிஸ்க் மாட்டினால் பிரேக் கூடுதலாகப் பிடிக்கும்.

உண்மை: பிடிப்பைத் தருபவை மூன்று: பேடின் உராய்வு, காலிப்பர் அழுத்தும் விசை, டிஸ்க்கின் ஆரம். அதே அளவுள்ள டிஸ்க் மிதந்தாலும் மிதக்காவிட்டாலும் பிடிப்பு ஒன்றுதான். 280 மி.மீ. டிஸ்க்கை எடுத்துவிட்டு 320 மி.மீ. போட்டால் பிடிப்பு ஏறத்தாழ ஏழில் ஒரு பங்கு கூடும். அது அளவு தந்த பலன்.

மிதப்பது சூட்டுக்காக. ஒரே துண்டாக உள்ள டிஸ்க்கில், பேடு உரசும் வெளிவளையம் கொதிக்கும், நடுப்பகுதி அவ்வளவு சூடாகாது. விரிய இடமில்லாத வளையம் தட்டுபோல் குழிய வாய்ப்புண்டு. ஃப்ளோட்டிங் டிஸ்க்கில் எஃகு வளையம் தனி, நடுவிலுள்ள அலுமினியத் தாங்கி தனி. இரண்டையும் சிறு பட்டன்கள் இணைக்கின்றன. 280 மி.மீ. வளையம் 300 டிகிரி சூடேறினால் விட்டம் கிட்டத்தட்ட 1 மி.மீ. கூடும். அந்த ஒரு மில்லிமீட்டருக்கு வழிவிடவே இத்தனை ஏற்பாடு.

நம்பிக்கை 2: டிஸ்க் ஆடினால், சத்தம் போட்டால் மட்டமான சரக்கு.

உண்மை: முழுதாக மிதக்கும் வகை லேசாகக் கலகலக்கும். பட்டனுக்கு அடியில் ஸ்பிரிங் வாஷர் வைத்த பாதி மிதக்கும் வகையில் சத்தம் குறைவு. ரோட்டில் ஓட்ட அதுவே பொருத்தம். பக்கவாட்டில் சிறு ஆட்டம் இருக்கலாம். ஆனால் சக்கரம் சுழலும் திசையில் வளையம் முன்னும் பின்னும் ஆடினால், பிரேக் பிடிக்கும்போது 'டக்' என்று இடித்தால் பட்டன் தேய்ந்துவிட்டது. அதை மாற்றாமல் மலையேறக் கூடாது.

நம்பிக்கை 3: நாலு போல்ட்டை முடுக்கினால் வேலை முடிந்தது.

உண்மை: டிஸ்க் காலிப்பருக்கு நடுவே ஓட வேண்டும். டிரம்முக்காகச் செய்த பழைய ஃபோர்க்கில் காலிப்பரைத் தாங்க வெல்டிங் வைத்த பிராக்கெட் நம்பத் தகுந்ததல்ல; டிஸ்க்குக்கென்றே வந்த ஃபோர்க்கும் ஹப்பும் சேர்ந்து வேண்டும். மாஸ்டர் சிலிண்டரின் அளவு காலிப்பருக்குப் பொருந்தாவிட்டால் லீவர் கல்லாக இருக்கும், அல்லது கைப்பிடிவரை வந்து ஒட்டும். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு வண்டி மாற்றங்களுக்கு வரம்பு விதிக்கிறது, ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.

நம்பிக்கை 4: லீவர் துடித்தால் டிஸ்க் வளைந்துவிட்டது.

உண்மை: பல நேரம் வளைந்திருக்காது. கொதிக்கும் டிஸ்க்கை ஒரே இடத்தில் இறுக்கிப் பிடித்து நின்றால் பேடின் பொருள் அங்கே திட்டாகப் படியும். அந்தத் திட்டு வரும்போதெல்லாம் லீவர் துடிக்கும். புது டிஸ்க்குக்குப் புது பேடு போட்டு, காலியான சாலையில் வேகத்தைக் கூட்டிக் கூட்டி மிதமாகப் பிடித்துப் பழக்கினால் படிவு சீராக அமையும்.

நம்பிக்கை 5: நல்ல டிஸ்க் இருந்தால் நியூட்ரலில் இறங்கலாம்.

உண்மை: உயிரைக் குடிக்கக்கூடிய நம்பிக்கை இது. வண்டியும் இரண்டு ஆட்களும் சேர்ந்து 300 கிலோ என்று வையுங்கள். 400 மீட்டர் உயரம் இறங்கும்போது வெளிப்படும் ஆற்றல், நான்கு லிட்டர் பச்சைத் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவரப் போதும். கியரில் இறங்கினால் அதில் கணிசமானதை என்ஜின் வாங்கிக்கொள்ளும். நியூட்ரலில் இறங்கினால், காற்று தடுப்பதுபோக மீதி முழுவதும் பிரேக்கின் தலையில்தான்.

டிஸ்க் அதைத் தாங்கினாலும் பிரேக் ஆயில் தாங்காது. புது டாட் 4 ஆயிலின் கொதிநிலை குறைந்தது 230 டிகிரி. ஈரம் குடித்த பிறகு 155 வரை இறங்கலாம். ஆயில் கொதித்தால் குழாயில் ஆவி நிற்கும். ஆவி அழுத்தினால் சுருங்கும். லீவர் வெறுமனே உள்ளே போகும். எந்த டிஸ்க்கும் அப்போது உதவாது.

ராஜ்தூத் போன்ற டூ-ஸ்ட்ரோக் வண்டிகளில் என்ஜினின் தடுப்பு குறைவு. திராட்டிலை முழுதும் மூடி நெடுந்தூரம் இறங்கினால் என்ஜினுக்குப் போகும் ஆயிலும் குறையும். அவ்வப்போது லேசாகத் திருகிவிட வேண்டும். பிரேக்கின் சுமை அந்த வண்டிக்கு அதிகம் என்பதால், ஃப்ளோட்டிங் டிஸ்க்குக்கு அங்கே உண்மையான வேலை இருக்கிறது.

வண்டியில் ஏற்கெனவே டிஸ்க் இருந்தால், ஃப்ளோட்டிங் டிஸ்க்குக்குச் சேர்த்த பணத்தில் முதலில் பிரேக் ஆயிலை மாற்றுங்கள். அடுத்து பேடு, பிறகு பழைய ரப்பர் ஹோஸ். ஃப்ளோட்டிங் டிஸ்க் அதற்கப்புறம் வரட்டும். எது இருந்தாலும் இல்லாவிட்டாலும், எந்த கியரில் ஏறினீர்களோ அந்த கியரிலேயே இறங்குங்கள்.