சிம்மை மாற்றுமுன் பார்க்க வேண்டியவை



2016 மே 17ஆம் திகதி அரநாயக்கவில் சாமசர மலை சரிந்தபோதும், 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் அடித்தபோதும், நமது கேகாலை மாவட்டத்தில் பல குடும்பங்கள் உடுத்த துணியோடு வெளியேறின. வீடும் மிளகுக் கொடியும் போயின. தபால்காரர் அறிந்த விலாசமும் போயிற்று. பலர் கையில் மிஞ்சியது ஒரு கைத்தொலைபேசி. இன்று அதன் பத்து இலக்கங்களே அவர்களுடைய விலாசம்.

புதிய இடத்தில் பழைய கம்பனியின் சிக்னல் கிடைப்பதில்லை. உடனே வரக்காப்பொல பஸ் நிலையத்தில் குடையின் கீழ் விற்கும் சிம் ஒன்றை வாங்கிப் போட்டு, பழையதை எறிந்துவிடுகிறோம். எனக்குத் தெரிந்த ஒரு தாய் அப்படித்தான் செய்தார். அடுத்த மழையில் மண்சரிவு அபாயம் என்று கிராம உத்தியோகத்தர் எடுத்த அழைப்பு, எறிந்த இலக்கத்துக்கே போயிற்று. பக்கத்து வீட்டுப் பையன் ஓடிவந்து கதவைத் தட்டியதால் தப்பினார்.

கோபுரம் கட்ட விரும்புகிறவன் முதலில் உட்கார்ந்து செலவைக் கணக்கிடுவான் என்று நம் ஆண்டவர் சொன்னது (லூக்கா 14) சிம் வாங்குவதற்கும் பொருந்தும்.

முதலாவது, சிக்னல். கண்டி வீதியோரம் நன்றாகக் கேட்கிறது என்பதை வைத்து முடிவு செய்யாதீர்கள். ஒரு மலை மறைத்தாலே நிலைமை வேறு. அயலவரின் சிம்மைக் கொஞ்ச நேரம் கேட்டு வாங்கி, உங்கள் போனில் போட்டு, வீட்டுக்குள்ளே நின்று பேசிப் பாருங்கள். மழை நேரத்திலும் ஒருமுறை பாருங்கள். நமக்கு அது தேவைப்படுவது அப்போதுதானே.

அந்தச் சோதனையிலேயே போன் பொருந்துமா என்பதும் தெரிந்துவிடும். வெளிநாட்டிலிருந்து பிள்ளைகள் அனுப்பும் சில போன்கள் அங்குள்ள கம்பனியின் சிம்மை மட்டும் ஏற்கும்படி பூட்டப்பட்டிருக்கும். இன்னும் சிலவற்றில் இணையம் ஓடும், ஆனால் 4ஜி வழியாகக் குரல் அழைப்பு எடுபடாது. ஒரு கம்பனியில் எடுபட்டது மற்றதில் எடுபடாமலும் போகலாம். பொத்தான் போன் வைத்திருப்போர் அதை கடைக்குக் கொண்டுபோய், அழைப்பு எடுத்துப் பார்த்த பின்னரே காசு கொடுங்கள்.

பழைய போன் ஒன்றை விலைக்கு வாங்குவதானால் *#06# என்று அழுத்துங்கள். 15 இலக்கங்கள் தோன்றும். ஐஎம்ஈஐ என்று ஆங்கில எழுத்தில் அடித்து, இடைவெளி விட்டு, அந்த இலக்கங்களைச் சேர்த்து 1909க்குக் குறுஞ்செய்தி அனுப்பினால், அது தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழுவில் பதிவான போனா என்று பதில் வரும். மலிவு என்று ஏமாற வேண்டாம்.

இனி இலக்கம். இந்தியாவில் 2011 முதல், கம்பனி மாறினாலும் அதே இலக்கத்தை வைத்துக்கொள்ள நாடெங்கும் வசதி உண்டு. இங்கே நீங்கள் போகும் கம்பனியின் கிளையில், “என் பழைய இலக்கத்தையே தருவீர்களா?” என்று முதலில் கேளுங்கள். இல்லை என்றால் பழைய சிம்மை எறியாதீர்கள். இரண்டு சிம் போடும் போனில் அது இரண்டாம் இடத்தில் இருக்கட்டும். இடைக்கிடை சிறு தொகை ரீலோட் செய்யுங்கள். நீண்டகாலம் பாவிக்காத இலக்கத்தை நிறுத்தி, வேறொருவருக்குக் கொடுத்துவிடுவார்கள். அப்புறம் உங்கள் வங்கி அனுப்பும் இரகசிய இலக்கம் யாரோ ஒருவரின் போனில் விழும். அஸ்வெசும பணம் வரும் கணக்கும் அந்த வங்கியில்தான் இருக்கிறது என்பதை மறக்க வேண்டாம்.

புதிய சிம் உங்கள் சொந்த அடையாள அட்டையில் பதியப்பட வேண்டும். தோட்டங்களில் கடைக்காரர் பெயரிலும் கங்காணி பெயரிலும் சிம் வைத்திருப்போர் இருக்கிறார்கள். சிம் தொலைந்தால் அதே இலக்கத்தை மறுபடி கேட்கும் உரிமை அவர்களுக்கு இல்லை. நல்ல மனிதர்தான், ஆனால் அவரும் இடம் மாறிப் போகலாம்.

பழைய கம்பனியில் சேர்ந்திருக்கும் புள்ளிகளும் உண்டு. டயலொக்கின் ஸ்டார் பொயின்ட்ஸ் போன்றவை வேறு கம்பனிக்கு உங்களோடு வராது. இருப்பதைப் பார்த்துச் செலவழித்துவிடுங்கள். ஈசி கேஷ், எம்கேஷில் பணம் கிடந்தால் அதையும் எடுத்துவிடுங்கள். ஆனால் புள்ளிக்காக மட்டும் சிக்னல் இல்லாத கம்பனியோடு ஒட்டிக்கொண்டிருப்பது, காய்க்காத மரத்துக்கு உரம் போடுவது போன்றது.

இலக்கம் மாறிய அன்றே கிராம உத்தியோகத்தர், வங்கி, பாடசாலை, வெளிநாட்டிலுள்ள பிள்ளை ஆகியோருக்கு அறிவியுங்கள். அவசரத்துக்கு அழைக்க வேண்டிய அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117ஐ, போனில் மட்டுமன்றி கதவின் உட்புறத்திலும் கரியால் எழுதி வையுங்கள்.