காலண்டர் முருகனுக்குப் பின்னால் ஒரு நாடக மேடை

கேள்வி: தாத்தா காலத்துச் சிவகாசி காலண்டர் படம் ஒன்று வீட்டில் இருக்கிறது. முருகனுக்குப் பின்னால் நாடகக் கொட்டகைபோலத் தூண்களும் திரையும். ஏன் அப்படி?
– வாசகி, விருதுநகர்

பதில்: ஓரத்தில் ‘சி. கொண்டையராஜு’ என்ற கையெழுத்து இருக்கிறதா, பாருங்கள். கோவில்பட்டியில் வாழ்ந்த அவர் (1898–1976) நாடகக் கம்பெனிகளுக்குச் சீன் படுதா எழுதியவர். தட்டையான துணியில் தூண்களை உள்நோக்கிச் சிறிதாக்கிக்கொண்டே போனால் ஆழம் பிறக்கும். முன்னால் நடிகர் நிற்பார். அதே கைதான் நடிகர் நின்ற இடத்தில் தெய்வத்தை நிறுத்தியது. அவரும் சீடர்களும் வரைந்தவற்றைச் சிவகாசி அச்சகங்கள் வீடுதோறும் கொண்டு சேர்த்தன. மறைந்துபோன அந்தக் கொட்டகைகளுக்கு இதைவிட அழகான நினைவுப்படம் கிடையாது என்பேன்.

உங்கள் படம் ஆப்செட்டில் அச்சானதென்றால், பூதக்கண்ணாடியில் முருகனின் கன்னம் நீலம், சிவப்பு, மஞ்சள், கறுப்புப் புள்ளிகளாகப் பிரியும். ஒரு நிறம் மயிரிழை விலகினாலும் உதட்டோரம் கலங்கிவிடும்.

தயவுசெய்து லேமினேட் செய்யாதீர்கள். பிறகு பிரிக்க முடியாது. ஓரங்களை வெட்டாமல், வெயில் படாத சுவரில், கண்ணாடி தாளை ஒட்டாதபடி இடைவெளி விட்டு ஃபிரேம் போடுங்கள்.