அடுப்படியிலிருந்து குரூப் 4: வீட்டில் இருந்தே படிப்பவர்களுக்குச் சில குறிப்புகள்

வீட்டைக் கவனித்துக்கொண்டே தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணையத்தின் குரூப் 4 தேர்வுக்குப் படிக்கும் பெண்களிடம் பேச்சுக் கொடுத்தால், பாடம் கஷ்டம் என்பவர்கள் குறைவு. "உட்காரவே முடியலைக்கா", "உட்கார்ந்தாலும் மனசு நிக்க மாட்டேங்குது" என்பதுதான் பெரும்பாலும் காதில் விழும். பத்தாம் வகுப்புத் தகுதிக்கான தேர்வு. பள்ளிப் புத்தகங்களை ஒழுங்காகப் படித்தாலே பாதி தூரம் வந்துவிடலாம். ஆனால் போட்டியைப் பாருங்கள்: 2025 ஏப்ரலில் வந்த அறிவிப்பில் 3,935 இடங்கள், விண்ணப்பம் போட்டவர்கள் 13 லட்சத்துக்கும் மேல். அறிவிப்பு வரும் வாரத்தில் இருக்கும் சூடு அடுத்த மாதமே ஆறிப்போகிறது. கூடவே எரிச்சல், தூக்கமின்மை, பிள்ளைகள் மேல் பாய்வது.

உற்சாகமூட்டும் பேச்சு யூடியூபில் கொட்டிக் கிடப்பதால் அது இங்கே வேண்டாம். புத்தகத்தின் முன் உட்காரும் நேரத்தில் "இப்ப எதை எடுக்கலாம்" என்று யோசிக்கும் நிலைமை வராமல் பார்த்துக்கொண்டாலே போதும். படிப்பும் ஓடும், படபடப்பும் பாதி குறையும். கீழே இருப்பவை பெரும்பாலும் அதற்கான ஏற்பாடுகள்தாம். தையல் பழகுபவர்கள், சர்க்கரைக்காக நடப்பவர்கள், நகைக் கடனை அடைக்க நினைப்பவர்களும் இவற்றில் பாதியை எடுத்துக்கொள்ளலாம்.

1. கடிகாரத்தை நம்பாதீர்கள், வீட்டு வேலையோடு முடிச்சுப் போடுங்கள்

"காலை 5 முதல் 7 வரை" என்று கலர் பேனாவில் எழுதி ஒட்டும் அட்டவணை விடுதி மாணவர்களுக்குச் சரி. குடும்பத்தில் அது மூன்று நாள் தாங்காது. ஐந்தரைக்குத் தண்ணீர் வரும், மாமனாருக்குச் சுடுதண்ணீர் வைக்க வேண்டியிருக்கும், சின்னவனுக்குக் காய்ச்சல் அடிக்கும். எப்படியும் நடந்தே தீரும் ஒரு வேலையைப் பிடித்துக்கொள்ளுங்கள். "பிள்ளையை வேனில் ஏற்றிவிட்டு உள்ளே வந்ததும், சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து அறிவியல் புத்தகத்தைத் திறப்பேன்" என்று ஒரு வாக்கியமாகவே எழுதி வையுங்கள். எது முடிந்ததும், எங்கே, என்ன என்ற மூன்றும் அதில் இருக்க வேண்டும். "தினமும் நல்லா படிக்கணும்" என்று தீர்மானம் எடுப்பவர்களைவிட, இப்படிக் குறிப்பாகத் திட்டம் போடுபவர்கள் எடுத்த காரியத்தை அதிகம் முடிக்கிறார்கள் என்று உளவியலாளர் பீட்டர் கோல்விட்சர் 1990-களிலேயே ஆராய்ந்து எழுதியிருக்கிறார்.

2. ராத்திரியே புத்தகத்தைத் திறந்து வையுங்கள்

அடுக்களை துடைத்து முடித்ததும், நாளை படிக்க வேண்டிய பக்கத்தைத் திறந்து, நடுவில் பென்சிலை வைத்து, மேஜையிலேயே விட்டுவிடுங்கள். புத்தகம் பீரோவுக்குள் இருந்தால் அதை எடுக்கப் போகிறவர், மடிக்காத துணியைப் பார்ப்பார். துணியை மடிக்கிறவர், பிய்ந்த பட்டனைப் பார்ப்பார். மணி பதினொன்று ஆகிவிடும்.

தினசரி காலண்டரில் கிழித்த தாளின் பின்புறம் இதற்கென்றே பிறந்தது. அதில் மேலே ஒரே வரி: "8-ஆம் வகுப்பு வரலாறு, இரண்டாம் பாடம், பாதி." கீழே நாளைய வீட்டு வேலைகள்: கேஸ் புக் பண்ண, கரண்ட் பில், பெரியவள் ஸ்கூலில் கையெழுத்து. படுக்கும்போது மண்டைக்குள் ஓடுவதெல்லாம் தாளில் இறங்கிவிடும். அமெரிக்காவின் பேய்லர் பல்கலைக்கழக ஆய்வு ஒன்று 2018-இல் வெளியானது. படுக்கும் முன் 5 நிமிடம் நாளை செய்ய வேண்டியவற்றை எழுதியவர்கள், அன்று முடித்த வேலைகளை எழுதியவர்களைவிடச் சீக்கிரம் தூங்கிப்போனார்களாம். எவ்வளவு விவரமாக எழுதினார்களோ அவ்வளவு சீக்கிரம்.

3. அடுப்புப் பக்கத்தில் எதைப் படிக்கலாம், எதைக் கூடாது

குக்கரை ஏற்றிவிட்டு நிற்கும் பத்து நிமிடத்தில் துண்டு துண்டானவை ஏறும்: நூலும் ஆசிரியரும், அடைமொழிப் பெயர்கள், பிரித்து எழுதுக, எதிர்ச்சொல். மசாலா டப்பா அலமாரியின் கதவில் ஒரு தாள் ஒட்டி வாரத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள். கணக்கு மட்டும் அங்கே வேண்டாம். விசிலையும் எண்ணிக்கொண்டு தனிவட்டியும் போட்டால், விடையும் தப்பும், பருப்பும் குழையும்.

4. மூடி வைத்துவிட்டுக் கேட்கச் சொல்லுங்கள்

ஒரே பாடத்தை நாலு தடவை வாசித்தால் தெரிந்த மாதிரியே இருக்கும். அந்தத் தெம்பு தேர்வு அறையில் கை கொடுக்காது. ரோடிகர், கார்பிக்கி என்ற இரு ஆய்வாளர்கள் 2006-இல் மாணவர்களை வைத்துப் பார்த்தார்கள். திரும்பத் திரும்ப வாசித்தவர்கள் 5 நிமிடம் கழித்து வைத்த சோதனையில் முந்தினார்கள். ஒரு வாரம் கழித்து வைத்தபோது, வாசித்ததை நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்களே முந்தினார்கள். நமக்குத் தேர்வு ஐந்து நிமிடத்தில் இல்லை.

வீட்டில் இதற்கு நல்ல ஆள் உங்கள் பிள்ளைதான். சாயங்காலம் தேங்காய் துருவும்போது புத்தகத்தை அதன் கையில் கொடுங்கள். "அம்மா, வேலூர் புரட்சி எந்த வருஷம்?" "1806." "மாசம்?" "ஜூலை." "தேதி?" இந்த இடத்தில் நீங்கள் முழிக்க வேண்டும், பிள்ளைக்கு அதில் அப்படி ஒரு ஆனந்தம். "பத்தும்மா! இதுகூடத் தெரியலையா?" என்று அது கத்தியபின் ஜூலை 10 உங்களுக்கு ஆயுசுக்கும் மறக்காது. அம்மா படிக்கும் நேரம் தனக்கு இல்லாத நேரம் என்ற கோபமும் அதற்குக் குறையும். டீச்சர் விளையாட்டுக்குப் பிள்ளை தானாகவே நேரம் பார்த்து வந்து நிற்கும்.

5. ஞாயிற்றுக்கிழமை ஒரு முழுத் தேர்வு

தேர்வுப் பயத்துக்கு மருந்து தேர்வுதான். மொத்தம் 200 கேள்வி, 300 மதிப்பெண், 3 மணி நேரம். கணக்குப் போட்டால் ஒரு கேள்விக்கு 54 வினாடி, வட்டத்தைக் கறுப்பாக்கும் நேரமும் அதற்குள்ளேயே. பாடத்தை முழுக்கத் தெரிந்தவர்களும் இங்கேதான் தடுமாறுகிறார்கள். தேர்வாணையத்தின் இணையதளத்தில் பழைய கேள்வித்தாள்கள் இருக்கின்றன. ஜெராக்ஸ் கடையில் அச்செடுத்து, ஓ.எம்.ஆர் மாதிரித் தாளும் வாங்கி, கறுப்புப் பால்பாயிண்ட் பேனாவோடு காலை 9.30-க்கு உட்காருங்கள். 12.30 வரை நீங்கள் ஊரில் இல்லை என்று வீட்டில் சொல்லிவிடுங்கள்.

தமிழ்ப் பகுதியின் 100 கேள்விகளை முதலில் முடிப்பது புத்திசாலித்தனம். 150-க்கு 60 எடுக்காவிட்டால் மற்ற பகுதியைத் திருத்தவே மாட்டார்கள் என்பது ஒரு காரணம். தெரிந்ததிலிருந்து தொடங்கினால் கை நடுக்கம் நிற்கும் என்பது இன்னொன்று. தப்பான விடைக்கு மதிப்பெண் பிடிப்பதில்லை என்பதால், ஐயமுள்ள கேள்வியோடு மல்லுக்கட்டி வியர்த்துப்போகவும் வேண்டாம். தோன்றியதைக் குறித்துவிட்டு நகருங்கள்.

திருத்தி முடித்ததும் மொத்த மதிப்பெண்ணை வெறித்துப் பார்த்துக்கொண்டிருப்பதில் பயன் இல்லை. தப்பான ஒவ்வொரு கேள்விக்கும் பக்கத்தில் "தெரியாது", "குழப்பம்", "அவசரம்" என்று மூன்றில் ஒன்றை எழுதுங்கள். "தெரியாது" அதிகம் என்றால் புத்தகம் பாக்கி. "அவசரம்" அதிகம் என்றால் அடுத்த வாரம் புதிதாக ஒன்றும் படிக்காமல் கேள்வித்தாளாகவே போட்டுத் தள்ளுங்கள்.

6. டெலிகிராம் குழுக்கள்

ஒன்று போதும், அதையும் மியூட்டில் போடுங்கள். "இந்தத் தடவை கட்-ஆஃப் எகிறுதாம்", "தேர்வு தள்ளிப்போகுதாம்" என்று நாளுக்கு நூறு செய்தி வரும். அறிவிப்பை வாரம் ஒருமுறை தேர்வாணையத்தின் தளத்தில் நீங்களே பார்த்துக்கொள்ளலாம். படிக்கும் நேரத்தில் போன் அடுத்த அறையில் இருக்கட்டும். கவிழ்த்து வைப்பதெல்லாம் கணக்கில் வராது.

7. வீடு ஒத்துவராவிட்டால்

ஒற்றை அறை வீட்டில் டி.வி.யோடு சண்டை போட்டுப் படிக்க முடியாது. மாவட்ட மைய நூலகத்துக்குப் போய்ப் பாருங்கள். சென்னையில் இருப்பவர்களுக்குக் கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகம் இருக்கிறது. 2010-இல் திறந்தது, சொந்தப் புத்தகம் கொண்டுபோய்ப் படிக்கத் தனிப் பகுதியே உண்டு. மதுரைக்காரர்களுக்கு 2023-இல் வந்த கலைஞர் நூற்றாண்டு நூலகம். இன்னொன்றும் பலருக்குத் தெரிவதில்லை: மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகங்களில் உள்ள தன்னார்வப் பயிலும் வட்டம் இலவசமாகவே பயிற்சி வகுப்பு நடத்துகிறது. ஆயிரக்கணக்கில் கட்டணம் கட்டும் முன் அங்கே ஒரு நடை போய் விசாரியுங்கள். வாரத்தில் இரண்டு நாள் வெளியே போய்ப் படித்தால்கூடப் போதும். தன்னைப் போலவே நாலு பேர் குனிந்து உட்கார்ந்திருப்பதைப் பார்ப்பதே ஒரு தெம்பு.

8. விட்ட நாளை விட்டுவிடுங்கள்

கல்யாணம், காதுகுத்து, மாதவிலக்கு வலி, விருந்தாளி என்று மாதத்தில் சில நாள் போகத்தான் செய்யும். அதைவிட மோசம், "நேத்துப் படிக்கலை, இன்னைக்கு ரெட்டிப்பா படிக்கணும்" என்று உட்காருவது. நேற்றைய பாக்கி கந்துவட்டி மாதிரி ஏறிக்கொண்டே போகும், மூன்றாம் நாள் புத்தகத்தைப் பார்த்தாலே ஓடத் தோன்றும். லண்டன் யூனிவர்சிட்டி காலேஜில் பிலிப்பா லாலி குழுவினர் 96 பேர் புதுப் பழக்கம் ஒன்றைக் கைக்கொள்வதைக் கவனித்தார்கள். அது தானாக வரும் நிலையை எட்டச் சராசரியாக 66 நாள் பிடித்தது. சிலருக்கு 18, சிலருக்கு 254 நாள் வரை. நடுவில் ஒரு நாள் விட்டதால் பெரிதாக ஒன்றும் கெடவில்லை என்பதும் அதில் தெரிந்தது. "21 நாளில் பழக்கமாகிவிடும்" என்று வரும் பார்வர்டுகளை நம்பி, 22-ஆம் நாள் தன்னையே திட்டிக்கொள்ள வேண்டியதில்லை. விட்ட பாடத்துக்கு ஞாயிறு மாலையில் ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். அதிலும் முடியாதது போகட்டும்.

9. நெஞ்சு படபடக்கும்போது

மூக்கால் மூச்சை இழுங்கள். நிறைந்த மாதிரி இருக்கும்போது இன்னும் கொஞ்சம் இழுங்கள். பிறகு வாயால் மெதுவாக, நீளமாக விடுங்கள். இழுப்பதைவிட விடுவது நீளமாக இருக்க வேண்டும், அவ்வளவுதான். தினம் 5 நிமிடம் இப்படி ஒரு மாதம் செய்தவர்களுக்கு மனநிலை நன்றாகத் தெளிந்ததாக ஸ்டான்போர்டு ஆய்வு ஒன்று 2023-இல் வந்தது. துணி காயப்போட மாடிக்குப் போகும்போது செய்யலாம். தலைசுற்றினால் நிறுத்திவிட்டு இயல்பாக மூச்சு விடுங்கள்.

10. காபி, தூக்கம்

காபியின் வேகத்தில் பாதி, குடித்து ஐந்து மணி நேரம் ஆனபின்னும் உடம்பில் இருக்கும். நாலு மணிக் காபியே கடைசி என்று வைத்துக்கொள்ளுங்கள். படித்தது மூளையில் படிவது தூக்கத்தில்தான். ராத்திரி இரண்டு மணிவரை விழிப்பதைப் பெருமையாகச் சொல்பவர்களிடம் யோசனை கேட்க வேண்டாம்.

11. சொந்தபந்தங்களுக்கு ஒரு பதில், வீட்டுக்காரருக்கு ஒரு பட்டியல்

"என்னம்மா, இன்னுமா படிக்கிற? போன தடவை எழுதினது என்னாச்சு?" என்று அத்தை எல்லார் முன்னாலும் கேட்பார். ஒவ்வொரு முறையும் புதிதாகப் பதில் தேடினால் அன்றைய பொழுது போச்சு. "படிச்சுக்கிட்டே இருக்கேன் அத்தை, வேலை கிடைச்சதும் மொத ஸ்வீட் உங்களுக்குத்தான்" என்று ஒன்றைத் தயாராக வைத்துக்கொள்ளுங்கள். சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டுப் பேச்சைச் சீரியல் பக்கம் திருப்பிவிடலாம்.

வீட்டுக்காரரிடம் "கொஞ்சம் கூடமாட உதவுங்களேன்" என்று பொதுவாகச் சொன்னால் அவரும் பொதுவாகத் தலையாட்டுவார். "செவ்வாய், வியாழன் ராத்திரிப் பாத்திரம் உங்களோடது, ஞாயித்துக்கிழமை காலைல பிள்ளைங்களை உங்கம்மா வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயிடுங்க" என்று நாளும் வேலையுமாகச் சொல்லுங்கள். கடைசி ஒரு மாதம் மாவைக் கடையில் வாங்கினால் குடி முழுகிவிடாது.

12. இது வெறும் தேர்வு டென்ஷன் இல்லை என்று தோன்றினால்

இரண்டு வாரமாகத் தூக்கம் இல்லை, சாப்பாடு இறங்கவில்லை, காரணம் தெரியாமல் அழுகை வருகிறது, இருந்து என்ன பயன் என்று நினைப்பு ஓடுகிறது என்றால் மூச்சுப் பயிற்சியோடு நிறுத்திக்கொள்ளாதீர்கள். 2022-இல் மத்திய அரசு தொடங்கிய டெலி மானஸ் எண் 14416. கட்டணம் இல்லை, எந்நேரமும் கூப்பிடலாம், தமிழிலேயே பேசலாம். வீட்டில் யாரிடமாவது சொல்லிவிட்டு, அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கும் போகலாம்.

13. தேர்வுக்கு முந்தைய நாளும் மறுநாளும்

ஹால் டிக்கெட், அடையாள அட்டை, கறுப்புப் பேனா இரண்டு, பஸ்ஸுக்குச் சில்லறை, தண்ணீர் பாட்டில் எல்லாம் ஒரே பையில் போட்டு வாசல் பக்கம் மாட்டுங்கள். முன்பின் தெரியாத ஊரில் மையம் என்றால் முந்தின நாளே வழி விசாரித்துவிடுங்கள். ஹால் டிக்கெட்டில் போட்டிருக்கும் நேரம் தாண்டினால் உள்ளே விட மாட்டார்கள், எவ்வளவு கெஞ்சினாலும். எழுதி முடித்த அன்று மாலையே யூடியூபில் வரும் விடைகளை வைத்துக் கூட்டிக் கழிக்காதீர்கள். ஒரு சேனலில் பி என்பார்கள், இன்னொன்றில் டி என்பார்கள். தேர்வாணையமே தன் தளத்தில் தற்காலிக விடைக்குறிப்பு வெளியிடும். அதில் தப்பு இருப்பதாகத் தெரிந்தால், புத்தக ஆதாரத்தோடு ஆட்சேபம் தெரிவிக்கவும் அங்கேயே வழி இருக்கிறது.