மிதிச்சும் கார் இழுக்கலையா?

தங்கச்சி, சிக்னலில் பச்சை விழுந்து ஆக்சிலரேட்டரை மிதித்தால், கார் ஒரு நொடி திணறிவிட்டுத்தான் கிளம்புகிறது என்றாயே. மெக்கானிக்கிடம் ‘பிக்கப் இல்லை’ என்று மட்டும் சொல்லி வண்டியை விட்டுவிட்டு வராதே. காலையில் முதல் தடவை எடுக்கும்போதா, சூடான பிறகா, ஏசி போட்டாலா, மேடு ஏறும்போதா? இரண்டு நாள் கவனித்துச் சொல். பாதி வேலை அதிலேயே முடிந்துவிடும்.

முதலில் ஆர்.பி.எம். முள்ளைப் பார். நாலாவது கியரில் மிதிக்கும்போது முள் விறுவிறுவென ஏறி, வேகம் மட்டும் ஏறவில்லையா? கிளட்ச் தேய்ந்திருக்கிறது. முள்ளே தயங்கினால்தான் காற்று, பெட்ரோல், தீப்பொறி என்று தேட வேண்டும்.

காற்றில் ஆரம்பி, செலவு குறைவு. இன்ஜின் ஆறியதும் ஏர் ஃபில்டரை எடுத்துப் பார். புழுதி அடைத்திருந்தால் மாற்று. அதிலிருந்து இன்ஜினுக்குப் போகும் ரப்பர் குழாயின் மடிப்புகளையும் விரலால் தடவிப் பார். வெடிப்பு இருந்தால் சென்சார் அளக்காத காற்று உள்ளே போய்விடும், பெட்ரோல் பற்றாது. என் காருக்கு ஒரு பட்டறையில் ஃபியூயல் பம்ப்பையே மாற்றச் சொன்னார்கள். கடைசியில் கிழிந்திருந்தது இந்தக் குழாய்தான்! மேட்டிலும் ஓவர்டேக்கிலும் மட்டும் மூச்சு வாங்கினால் ஃபியூயல் பம்ப், ஃபியூயல் ஃபில்டர் மேல் சந்தேகம் வரலாம். அப்போதும் பிரஷர் கேஜ் வைத்து அளக்காமல் மாற்றச் சம்மதிக்காதே.

வண்டி வெட்டி வெட்டிப் போனால் அது மிஸ்ஸிங். ஸ்பார்க் பிளக்கோ இக்னிஷன் காயிலோ காரணமாக இருக்கலாம். ஸ்கேனர் போடச் சொல். பி0302 என்று பிழைக் குறியீடு வந்தால் இரண்டாவது சிலிண்டர் சரியாக எரியவில்லை. சிலிண்டருக்கு ஒரு காயில் உள்ள வண்டியென்றால், அந்தக் காயிலை மூன்றாவதற்கு மாற்றிப் போட்டு ஓட்டிப் பார்க்கச் சொல். குறியீடு பி0303 ஆக மாறினால் காயில்தான் போயிருக்கிறது. மாறாவிட்டால் பிளக்கைப் பார்க்கட்டும். ஊகத்தில் நாலு காயிலையும் வாங்காதே.

இன்ஜின் விளக்கு விட்டுவிட்டு மின்னினால் மட்டும் ஒரு நாள்கூடத் தள்ளிப்போடாதே. எரியாத பெட்ரோல் சைலன்சர் பக்கம் போய் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரைச் சுட்டுக் கெடுத்துவிடும். அதன் விலை பிளக்கின் விலையைப் போலப் பல மடங்கு. மிதித்து ஓட்டாமல் ஓரமாக நிறுத்திவிட்டு எனக்கு ஒரு போன் போடு.