இந்தப் புதிருக்கு விடை உண்டா?



இடைவேளையில் நீங்கள் நோட்டின் கடைசிப் பக்கத்தில் ஆடும் ஆட்டம் ஒன்று உண்டு. ஒருத்தி ஒரு படம் போடுவாள். "பென்சிலை எடுக்காமல், போன கோட்டிலேயே மறுபடி போகாமல் வரை, பார்ப்போம்" என்பாள். மற்றவள் வரைய வேண்டும்.

சென்ற ஆண்டு ஒன்பதாம் வகுப்பு அக்கா ஒருத்தி, ஆறாம் வகுப்புச் சிறுமிக்கு ஒரு சதுரமும் அதனுள் இரண்டு மூலைவிட்டங்களும் போட்டுக் கொடுத்தாள். சிறுமி மூன்று நாள் வரைந்து வரைந்து அழித்தாள். பிறகு, "எனக்குக் கணக்கு வராது டீச்சர்" என்று என்னிடம் வந்து நின்றாள். படத்தைப் பார்த்தேன். அதை யாராலும் வரைய இயலாது! கொடுத்தவளைக் கேட்டால், அவளும் வரைந்து பார்த்ததில்லை.

புதிர் போடுகிறவள் முதலில் தானே விடுவித்துப் பார்க்க வேண்டும். 2015-இல் வெளிவந்த சூப்பர் மாரியோ மேக்கர் என்ற வீடியோ விளையாட்டிலும் இதே விதிதான் இருந்தது. ஆட்டக் களத்தை அமைத்தவர் அதைத் தாமே ஆடி முடித்தால்தான் பிறருக்கு வெளியிட முடிந்தது.

ஒருமுறை வரைந்து காட்டிவிட்டால் விடை உண்டு என்பது உறுதி. ஆனால் நூறு முறை தோற்றாலும் விடை இல்லை என்று ஆகிவிடாது. நூற்றொன்றாம் முறை வரலாம் அல்லவா? அதற்குக் காரணம் காட்ட வேண்டும். 1735-இல் ஆய்லர் என்ற கணித மேதை அதைக் காட்டினார். கோனிக்ஸ்பெர்க் நகரின் (இன்று ரஷ்யாவிலுள்ள கலினின்கிராட்) ஏழு பாலங்களையும் ஒவ்வொரு முறை மட்டுமே கடந்து நடக்க முடியுமா என்பது அன்றைய கேள்வி.

அவர் சொன்ன காரணம் எளியது. கோடு ஒரு புள்ளிக்குள் வந்தால் வெளியே போக வேண்டும். ஆகவே ஒவ்வொரு புள்ளியிலும் கோடுகள் இரண்டிரண்டாகச் சேரும். தொடங்கும் புள்ளியிலும் முடியும் புள்ளியிலும் மட்டுமே ஒற்றைக் கோடு மிஞ்சலாம். எனவே ஒற்றைப்படைப் புள்ளிகள் இரண்டுக்கு மேல் இருந்தால் வரைய இயலாது. பாலங்களில் நான்கு நிலப்பகுதிகளும் ஒற்றைப்படை: 5, 3, 3, 3. நம் சதுரத்திலும் நான்கு மூலைகளிலும் மும்மூன்று கோடுகள். துண்டு துண்டாக இல்லாத படத்தில் ஒற்றைப்படைப் புள்ளி இரண்டோ, ஒன்றும் இல்லாமலோ இருந்தால் கட்டாயம் வரையலாம். இந்த மறுபாதியின் நிரூபணம் 1873-இல்தான் அச்சானது. அதைக் கண்டறிந்த ஹியர்ஹோல்சர் அப்போது உயிரோடு இல்லை.

அந்தச் சதுரத்தின் மேல் ஒரு கூரை போடுங்கள். மேல் மூலைகள் நான்கு கோடு பெறும். கீழ் மூலைகள் மட்டும் மூன்று. கீழ் இடம் அ, கீழ் வலம் ஆ, மேல் வலம் இ, மேல் இடம் ஈ, கூரை முனை உ என்றால், அ-ஆ-இ-உ-ஈ-இ-அ-ஈ-ஆ என்று முடிந்துவிடும். சிறுமி இதை வரைந்ததும் முகம் மலர்ந்ததைப் பார்க்க வேண்டுமே!

இனி நம் வாசலுக்கு வருவோம். வெண்ணந்தூர்த் தெருவில் மார்கழி விடியலில் போடும் சிக்குக் கோலத்தில், கோடுகள் வெட்டும் இடமெல்லாம் நான்கு முனை. ஆய்லர் கணக்குப்படி எல்லாமே ஒரே இழையில் வர வேண்டும். ஆனால் பாட்டியிடம் சொல்லிப் பாருங்கள், சிரிப்பார்! வெட்டும் இடத்தில் கோடு திரும்பக் கூடாது, நேரே செல்ல வேண்டும் என்பது கோலத்தின் முறை. அதனால் சில கோலங்களுக்குப் பல இழைகள் வேண்டும். அடுத்தடுத்த புள்ளிகளுக்கு நடுவே எல்லா இடத்திலும் கோடுகள் வெட்டும் செவ்வகக் கோலமானால், இழைகளின் எண்ணிக்கை நீள அகலப் புள்ளிகளின் மீப்பெரு பொது வகுத்தியே. 3-க்கு 3 புள்ளியில் மூன்று இழை. 3-க்கு 4 புள்ளியில் ஒரே இழை. ஆறாம் வகுப்பில் "இது எதற்கு டீச்சர்?" என்று கேட்பீர்களே, அதே மீ.பொ.வ.தான்!

தாம்பரம் சென்னைக் கிறித்தவக் கல்லூரியின் கிஃப்ட் சிரோமணி, ராணி சிரோமணி ஆகியோர் கமலா கிருத்திவாசனுடன் சேர்ந்து 1974-இல் கோலத்தைப் பற்றிக் கணினியியல் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டனர். மூவரில் இருவர் பெண்கள் என்பதைக் கவனித்தீர்களா?

இப்போது உங்களுக்கு ஒரு வேலை. 4-க்கு 6 புள்ளிக் கோலத்துக்கு எத்தனை இழை? முதலில் கணக்கிட்டு எழுதிவைத்துக்கொண்டு, பிறகு மாவை எடுங்கள்.